அப்பாவின் நிக்கார் லென்ஸ்களை ரீஹவுசிங் செய்வதா, ரீஹவுஸ் செய்த கேனான் செட்டை வாடகைக்கு எடுப்பதா?

உப்பனாறு_கேமரா (கடலூர் முதுநகர்)

எல்லாருக்கும் வணக்கம். முதல் முழுநீளப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்யப் போகிறேன். சின்ன பட்ஜெட். கதையில் பாதிக்கு மேல் இரவு: முதுநகர் துறைமுகத்தில் விடியுமுன் நடக்கும் மீன் ஏலம், உப்பனாற்றில் ஃபைபர் படகு, சோனாங்குப்பத்தில் ஒற்றை பல்பு எரிகிற ஒரு வீடு. கேமரா சோனி எஃப்எக்ஸ்3, ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபோட்டோ ஃபிலிம் அளவு சென்சார்).

அப்பா திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். நிக்கான் எஃப்எம்2 பாடியோடு அவருடைய மூன்று நிக்கார் ஏஐ-எஸ் லென்ஸ்கள் என்னிடம் இருக்கின்றன. 35 மி.மீ. எஃப் 1.4, 50 மி.மீ. எஃப் 1.4, 85 மி.மீ. எஃப் 2. பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், மூன்றிலும் பூஞ்சை இல்லை. 35ஐ முழுசாகத் திறந்து வைத்துப் படகுத்துறையில் ஒரு டெஸ்ட் எடுத்தேன். விளக்கைச் சுற்றி மெல்லிய ஒளிப்படலம், தோலில் ஒரு மென்மை, அதே சமயம் கண் இமை தெளிவாக நிற்கிறது. டைரக்டர் பார்த்ததும் இந்த லுக்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதே எண்ணம்.

குழப்பம் இனிமேல்தான். சென்னையில் ஒரு ரென்டலில் ரீஹவுஸ் செய்த, அதாவது கண்ணாடிகளைச் சினிமா லென்ஸ் உடம்புக்கு மாற்றிய, கேனான் எஃப்டி (பழைய ஃபோட்டோ லென்ஸ்) செட் இருக்கிறது. நாள் வாடகை எங்கள் பட்ஜெட்டுக்குக் கனம். தயாரிப்பாளர், "அதுவும் பழைய லென்ஸ், உங்க அப்பாவோடதும் பழைய லென்ஸ், எதுக்கு வாடகை?" என்று கேட்கிறார். வெளிநாட்டுக்கு அனுப்பி அப்பாவின் லென்ஸ்களையே ரீஹவுசிங் செய்யலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். செய்தால் இந்த லுக் மாறிவிடுமா? செய்யாமலே படம் எடுத்தால் எங்கே மாட்டிக்கொள்வேன்? செட்டில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

---

முத்தியால்பேட்டை_ஃபோகஸ் (புதுச்சேரி)

தம்பி, நான் ஃபோகஸ் புல்லர். வீடு முத்தியால்பேட்டையில், வேலை பெரும்பாலும் சென்னையில். ரீஹவுஸ் செய்த எஃப்டி, லைக்கா ஆர், ரஷ்யன் லென்ஸ் எல்லாவற்றிலும் ஃபோகஸ் பிடித்திருக்கிறேன். அப்படியே அடாப்டர் போட்ட நிக்காரிலும் பிடித்திருக்கிறேன். லென்ஸைத் திருப்புகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ரீஹவுசிங் என்றால் உள்ளே இருக்கும் கண்ணாடிகளை எடுத்துப் புது உலோக உடம்பில் வைப்பது. கண்ணாடி அதேதான், கோட்டிங் அதேதான். நீங்கள் படகுத்துறையில் பார்த்த ஒளிப்படலம், முழுசாகத் திறந்தால் அந்த 35இல் மிச்சமிருக்கும் ஸ்பெரிக்கல் அபரேஷனால் (ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே புள்ளியில் சேராத குறை) வருவது. ரீஹவுசிங் செய்தாலும் அது அங்கேயே இருக்கும், செய்யாவிட்டாலும் இருக்கும். ஃபோகஸ் மாற்றும்போது ஃப்ரேம் சற்றே பெரிதாகிச் சிறிதாகும் ப்ரீதிங்கும் அப்படியே இருக்கும். மாறக்கூடியது ஐரிஸ் ஒன்றுதான், அதாவது வெளிச்சம் புகும் துவாரத்தைத் திறந்து மூடும் தகடுகள் (எஃப் எண் சின்னதானால் துவாரம் பெரிது). சில இடங்களில் பழைய ஐரிஸை எடுத்துவிட்டு அதிக பிளேடு உள்ள புதிதை வைப்பார்கள். அப்போது பின்னால் தெரியும் விளக்குகளின் வடிவம் மாறும். ஆக நீங்கள் கொடுக்கும் காசு லுக்குக்கு இல்லை, என்னைப் போன்ற ஆளின் கைக்கு.

ஏன் அது தேவைப்படுகிறது என்றால், கணக்கைப் பாருங்கள். 50 மி.மீ., எஃப் 1.4, ஆள் 2 மீட்டரில். ஃபுல் ஃப்ரேமில் மொத்த ஃபோகஸ் ஆழம் சுமார் 13 செ.மீ. அதுவும் பழைய ஃபோட்டோ கணக்குப்படி. இன்றைய 4கே மானிட்டரில் உட்கார்ந்து பார்த்தால் அதில் பாதியைத்தான் கூர்மை என்று ஒப்புக்கொள்வார்கள். இந்த 50 மி.மீ. நிக்காரின் ஃபோகஸ் வளையம் கிட்டத்திலிருந்து இன்ஃபினிட்டி வரை அரை வட்டம்கூடச் சுற்றாது. 3 மீட்டருக்கு அப்பால் ஒரு சில குறிகள்தான். ஃபோட்டோகிராஃபருக்கு அது வசதி, சட்டென்று திருப்பிக் கிளிக் செய்துவிடலாம். எனக்கோ ஆள் ஏலக்கூட்டத்திலிருந்து கேமராவை நோக்கி நடந்து வரும்போது, 4 மீட்டரிலிருந்து 3 மீட்டருக்கு வருவதற்கு வளையத்தில் விரல்கடை தூரம்தான் கிடைக்கும். ரீஹவுஸ் செய்த லென்ஸில் முக்கால் வட்டமோ அதற்கு மேலோ சுற்று இருக்கும். ஒவ்வொரு லென்ஸையும் தனியாகச் சோதித்துக் குறிகளைச் செதுக்கியிருப்பார்கள். திசை மாற்றித் திருப்பும்போது பிம்பம் துள்ளாது. செட்டில் எல்லா லென்ஸிலும் கியர் ஒரே இடத்தில், முன்பக்க விட்டம் ஒரே அளவில் இருக்கும். லென்ஸ் மாற்றினால் ஃபோகஸ் மோட்டாரையும் மேட் பாக்ஸையும் (லென்ஸுக்கு முன்னால் மாட்டும் வெளிச்ச மறைப்பு) நகர்த்த வேண்டாம். இரவு ஷூட்டில் இது எவ்வளவு நேரம் மிச்சப்படுத்தும் என்பது உங்கள் முதல் ஷெட்யூலிலேயே தெரிந்துவிடும்.

நிக்காருக்கு இன்னொரு விஷயம் உண்டு. அதன் ஃபோகஸ் சுற்றும் திசை சினிமா லென்ஸ்களுக்கு நேர் எதிர். கேனானும் லைக்காவும் சினிமா லென்ஸ் போலவே சுற்றும். கையால் திருப்பும் ஃபாலோ ஃபோகஸில் வேலை செய்தால் இது பெரிய தொல்லை, உடம்பில் ஊறிய பழக்கத்துக்கு எதிராகக் கை போக வேண்டும். வயர்லெஸ் ஃபாலோ ஃபோகஸ் (லென்ஸில் மோட்டார், கையில் அதைத் திருப்பும் ஹேண்ட் யூனிட்) என்றால் கவலையே இல்லை. ஹேண்ட் யூனிட்டில் திசையை மாற்றிவிட்டால் தீர்ந்தது. அதோடு அந்தச் சின்னச் சுற்றை ஹேண்ட் யூனிட்டின் பெரிய வட்டத்துக்கு விரித்துக்கொள்ளலாம், குறிகளை நானே டேப்பில் போட்டுக்கொள்வேன். ரீஹவுசிங் தரும் நன்மையில் கணிசமான பங்கை வயர்லெஸ் தந்துவிடும். ஒரு எச்சரிக்கை: மோட்டார் காலிபரேட் செய்யும்போது லென்ஸின் இரு எல்லைகளிலும் இடிக்கும். ஃபோட்டோ லென்ஸின் ஸ்டாப் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மோட்டாரின் டார்க்கை (திருப்பும் விசையை) குறைத்து வையுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். எஃப்எக்ஸ்3க்கு எஸ்-லாக்3இல் (சோனியின் லாக் பதிவு முறை) இரண்டு பேஸ் ஐஎஸ்ஓ (சென்சார் நன்றாக வேலை செய்யும் ஒளியுணர்வு அளவு), 800, 12800. அந்த 12800ஐ வைத்துக்கொண்டால் துறைமுகத்தின் விளக்குகளிலேயே 2.8இல் படம் எடுக்கலாம். வெளிச்சம் போதவில்லை என்பதற்காக 1.4க்குப் போகும் காலம் போய்விட்டது. லுக்குக்காக மட்டும் போங்கள். அந்த லுக் எந்த ஷாட்டுக்கு வேண்டும் என்று டைரக்டரோடு உட்கார்ந்து ஷாட் லிஸ்டில் குறித்துக்கொள்ளுங்கள். முகம் நிலையாக இருக்கும் ஷாட்டுக்கு 1.4. ஆள் நகர்ந்தால் 2 அல்லது 2.8.

இங்கே ஒரு சிக்கல். உங்கள் 50இல் ஐரிஸ் பிளேடு 7. 1.4இல் பின்னால் இருக்கும் விளக்குகள் வட்டமாக இருக்கும், ஓரங்களில் பூனைக்கண் போல நசுங்கும். 2.8க்கு மூடினால் ஒவ்வொரு விளக்கும் ஏழுகோணம். துறைமுகம் முழுக்க விளக்குகள். பக்கத்து ஷாட்டில் வட்டம், இதில் ஏழுகோணம் என்றால் எடிட்டிங் டேபிளில் உறுத்தும். எனக்கு அந்த ஏழுகோணம் பிடிக்கும், நேர்மையான பழைய லென்ஸின் முகம் அது. ஆனால் ஒரு சீனுக்குள் ஒன்றைத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

என் தீர்மானமான கருத்து: அப்பாவின் லென்ஸ்களை இந்தப் படத்துக்காக அனுப்பாதீர்கள். காத்திருப்பு மாதக்கணக்கில் போகும், போகவர சுங்க வேலை வேறு. ஒருமுறை பழைய உடம்பிலிருந்து கண்ணாடியை எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்ப எஃப்எம்2இல் மாட்டும் நிலைக்கு அது வராது. அப்பாவின் லென்ஸ் அப்பாவின் கேமராவில் மாட்டும்படியாக இருக்கட்டும். சினி-மாட் மட்டும் செய்யுங்கள்: ஃபோகஸ் கியர் வளையம், ஐரிஸில் கிளிக் எடுப்பது, முன்னால் 80 மி.மீ. வளையம். எஃப்டி செட்டுக்குக் கொடுக்க இருந்த வாடகையில் நல்ல வயர்லெஸ் செட், ஃபோகஸுக்கென்று தனியாக ஒரு 7 இன்ச் மானிட்டர், கைதேர்ந்த ஒரு ஃபோகஸ் புல்லர் எடுங்கள். ரீஹவுஸ் செய்த லென்ஸை அனுபவமில்லாத கையில் கொடுப்பதைவிட, சாதா நிக்காரைத் தெரிந்த கையில் கொடுத்தால் அதிக ஷாட்கள் கூர்மையாக வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

---

காலாப்பட்டு_கலர் (புதுச்சேரி)

நான் கலரிஸ்ட். மாற்றுக் கருத்து ஒன்று. புது ஃபாஸ்ட் பிரைம் லென்ஸில் மெல்லிய டிஃப்யூஷன் ஃபில்டர் போட்டு எடுத்தால் எனக்கு வேலை எளிது. மூன்று ஃபோகல் லெங்த்திலும் ஒரே நிறம், ஒரே கான்ட்ராஸ்ட். பழைய லென்ஸில் விளக்கு ஃப்ரேமுக்குள் வந்ததும் கருப்பு மேலே ஏறி வெளுத்துவிடும். அடுத்த ஷாட்டில் விளக்கு இல்லை என்றால் கருப்பு கீழே இறங்கும். இரவு சீனில் இதைச் சமன் செய்யவே நேரம் போகும். 12800இல் நிழலைப் பிடித்து இழுத்தால் நாய்ஸும் சேர்ந்து வரும்.

---

முத்தியால்பேட்டை_ஃபோகஸ்

நீங்கள் சொல்வது நியாயம்தான். சமன் செய்யும் பாரம் உங்கள் தலையில்தான் விழுகிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஃபில்டரும் இதுவும் ஒன்றல்ல. ஃபில்டர் ஃப்ரேமில் இருக்கும் எல்லா வெளிச்சத்தையும் ஒரே மாதிரி பரப்பும். பழைய 35இன் ஒளிப்படலம் ஃபோகஸைப் பொறுத்து மாறும். ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் விளக்கு ஒரு விதமாகவும் பின்னால் இருப்பது வேறு விதமாகவும் கரையும். 2.8க்கு மூடினால் படலம் மறைந்து அதே லென்ஸ் கூர்மையாகிவிடும். ஒளிப்பதிவாளர் ஐரிஸைத் திருப்பியே சீனின் உணர்வைக் கூட்டலாம், குறைக்கலாம். ஃபில்டரில் அந்த வசதி இல்லை.

கேனான் கே35 லென்ஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1970களில் சினிமாவுக்காகச் செய்தவை, கேனானின் ஃபோட்டோ லென்ஸ் தொழில்நுட்பத்தை ஒட்டிப் பிறந்தவை. சூப்பர் 35 (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன அளவு) கேமரா மட்டும் இருந்த காலத்தில் பிம்ப வட்டத்தின் நடுப்பகுதிதான் பயன்பட்டது. அலெக்ஸா எல்எஃப் என்ற பெரிய சென்சார் சினிமா கேமரா 2018இல் வந்த பிறகு பெரிய சென்சாரை மூடக்கூடிய பழைய ஃபாஸ்ட் லென்ஸ்களுக்குப் புது வாழ்வு வந்தது. எஃப்டி ஃபோட்டோ லென்ஸ்களை ரீஹவுஸ் செய்யும் வேலை பெருகியதற்கும் அது ஒரு காரணம். அந்த ஓரங்களில் இருக்கும் குணத்துக்காகத்தான் ஆட்கள் தேடிப் போகிறார்கள். தம்பியின் கேமராவும் ஃபுல் ஃப்ரேம். அந்த ஓரம் முழுசாக அவருக்குக் கிடைக்கும்.

---

காலாப்பட்டு_கலர்

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் ஒரே ஒரு உதவி செய்யுங்கள் தம்பி. ஷூட்டுக்கு முன்னால் ஒவ்வொரு லென்ஸிலும் 1.4 (85இல் மட்டும் 2இலிருந்து), 2, 2.8, 4இல் கிரே கார்டும் கலர் சார்ட்டும் எடுங்கள். பக்கத்தில் ஒரு பல்பை ஃப்ரேமுக்குள் வைத்து ஒரு முறை, வெளியே வைத்து ஒரு முறை. அந்த ஃபைல்கள் கையில் இருந்தால் லென்ஸுக்கு லென்ஸ் நிறத்தை முதலிலேயே சரிக்கட்டிவிடலாம். எஃப் எண் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வரும் வெளிச்சம் லென்ஸுக்கு லென்ஸ் கொஞ்சம் வேறுபடும். சினிமா லென்ஸில் டி-ஸ்டாப் போடுவதே அதற்காகத்தான். அந்த வித்தியாசமும் இந்த டெஸ்டிலேயே தெரிந்துவிடும். துறைமுகத்தின் மின்விளக்குகளுக்கு ஷட்டர் 24 ஃப்ரேமில் 172.8 டிகிரி வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஃப்ளிக்கர் வராது.

---

மேட்டுப்பாளையம்_லேத் (புதுச்சேரி)

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சின்ன மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். கேமரா ஆட்கள் அவ்வப்போது கியர் வளையத்துக்கு வருவார்கள். இந்த விஷயம் எனக்குப் பிடித்தது என்பதால் எழுதுகிறேன்.

சினிமா கியர் என்றால் மாட்யூல் (பல்லின் அளவு) 0.8. உங்கள் 50 மி.மீ. லென்ஸின் ஃபோகஸ் வளையத்தை வெர்னியரில் அளந்து சொல்லுங்கள். 64 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 90 பல் போடலாம். பிட்ச் விட்டம் 72, வெளி விட்டம் 73.6, பல்லடி 70. அப்போது பல்லுக்குக் கீழே 3 மி.மீ. சுவர் நிற்கும், டெல்ரின் பிளாஸ்டிக்கில் அது போதும். மூன்று லென்ஸுக்கும் ஒரே வெளி விட்டம் வைத்தால் மோட்டாரைக் கிட்டே தள்ளி வைக்கும் வேலை குறையும். 3டி பிரிண்ட் செய்வதானால் பிஎல்ஏ வேண்டாம். மூடிய காரில் வெயிலில் வைத்தால் வளைந்துவிடும், 60 டிகிரிக்கே இளகும் பொருள் அது.

நிக்கான் மவுண்டிலிருந்து சென்சார் தூரம் 46.5 மி.மீ., சோனியில் 18. அடாப்டர் சரியாக 28.5 இருக்க வேண்டும். மலிவான அடாப்டர்களை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பாருங்கள், பெரும்பாலும் கொஞ்சம் குறைவாக இருக்கும். இன்ஃபினிட்டி கிடைக்காமல் போகக் கூடாது என்று அப்படிச் செய்கிறார்கள். ஃபோட்டோகிராஃபருக்குப் பரவாயில்லை. உங்கள் 35இல் 0.1 மி.மீ. குறைந்தால் இன்ஃபினிட்டியின் இடம் வளையத்தில் சுமார் 12 மீட்டர் குறிக்கு நகர்ந்துவிடும். எல்லாக் குறிகளும் பொய்யாகிவிடும். அடாப்டரைக் கழற்றி உள்ளே பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வைத்து 0.01 மி.மீ. வரை சரி செய்யலாம், அது எங்களால் முடியும். மூன்று லென்ஸுக்கும் தனித்தனி அடாப்டர் வாங்கி, அந்தந்த லென்ஸோடு நிரந்தரமாக விட்டுவிடுங்கள்.

முழு ரீஹவுசிங் எங்களைப் போன்ற லேத்தில் செய்யும் வேலை இல்லை. 35 மி.மீ. 1.4இல் ஃப்ளோட்டிங் எலிமென்ட் இருக்கிறது. ஃபோகஸ் மாறும்போது கண்ணாடித் தொகுதிகள் வெவ்வேறு அளவில் நகர வேண்டும். அப்படி நகர்த்தும் கேமை (வளைந்த வழித்தடத்தை) அதே கணக்கில் வெட்டி, கண்ணாடியை மையம் பிசகாமல் உட்கார வைத்து, கோலிமேட்டரில் (ஃபோகஸ் விழும் இடத்தைச் சோதிக்கும் கருவி) சோதிக்க வேண்டும். செய்து தருகிறேன் என்று யாராவது இங்கே சொன்னால் முதலில் கோலிமேட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

---

உப்பனாறு_கேமரா

எல்லாருக்கும் நன்றி. முத்தியால்பேட்டை அண்ணன் சொன்னபடி ஷாட் லிஸ்டை எடுத்துக்கொண்டு டைரக்டரோடு உட்கார்ந்தேன். 1.4 உண்மையிலேயே தேவைப்படுவது வீட்டுக்குள் நடக்கும் சீன்களிலும், படகில் பாட்டி முகத்தருகே வரும் ஒரு சீனிலும்தான். ஏலம் முழுக்க 2.8 என்று முடிவு செய்தோம், ஏழுகோண விளக்கு டைரக்டருக்குப் பிடித்திருக்கிறது. வாடகை செட் வேண்டாம். தயாரிப்பாளர் ஃபோகஸ் புல்லருக்குச் சம்மதித்துவிட்டார்.

இரண்டு கேள்வி பாக்கி. பகலில் வெள்ளிக் கடற்கரையில் ஒரு சீன் இருக்கிறது, அதையும் 1.4இல் எடுக்க டைரக்டருக்கு ஆசை. அப்புறம், ஷூட் ஐப்பசி வரை போகலாம். மழை, உப்புக்காற்று, படகில் தெறிக்கும் தண்ணீர், இவற்றிலிருந்து லென்ஸை எப்படிக் காப்பது?

---

முத்தியால்பேட்டை_ஃபோகஸ்

பகலுக்குக் கணக்கு இது. உச்சி வெயில், ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/50, எஃப் 1.4. சரியான எக்ஸ்போஷருக்குச் சுமார் 11 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) குறைக்க வேண்டும், அதாவது என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும் கருநிற ஃபில்டர்) 3.3. எஃப்எக்ஸ்3க்குள் என்டி கிடையாது. வெளியே அவ்வளவு கனமான என்டி போட்டால் இன்ஃப்ராரெட் கசிந்து கருப்புத் துணி பழுப்பாகும். ஐஆர் தடுக்கும் என்டியாகப் பார்த்து எடுங்கள். வேரியபிள் என்டியை அந்த அளவுக்குத் திருப்பினால் ஃப்ரேமில் குறுக்குப் பட்டை விழும், அது வேண்டாம். என்னைக் கேட்டால் அந்த சீனை காலை 6 மணி வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். தேவனாம்பட்டினத்தில் சூரியன் கடலிலிருந்து எழும். எதிர் வெளிச்சத்தில் அந்த 35 எப்படிக் கரைகிறது என்று பாருங்கள், மதியத்துக்கு ஆசைப்பட மாட்டீர்கள்.

ஈரத்துக்கு: ஏசி அறையிலிருந்து லென்ஸை நேராக வெளியே எடுக்காதீர்கள். நம் கரையோரத்தில் அந்த மாதங்களில் குளிர்ந்த கண்ணாடி வெளிக்காற்று பட்டதும் வியர்க்கும், அந்த ஈரம் உள்ளேயும் போகும். மூடிய பையிலேயே ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். இரவு பேக்கப் ஆனதும் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, டிரை கேபினெட்டில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். கேபினெட் இல்லாத லொக்கேஷனில் ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத டப்பாவும், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். தோல் பையில் வைக்கவே வைக்காதீர்கள், பூஞ்சைக்கு அதுதான் பிடித்த வீடு. அது கோட்டிங்கை அரித்துவிட்டால் துடைத்தாலும் தழும்பு நிற்கும். படகில் லென்ஸுக்கு முன்னால் ஒரு கிளியர் ஃபில்டர் போடுங்கள். ஆனால் விளக்கு நேராக ஃப்ரேமில் இருந்தால் ஃபில்டரில் இரட்டை பிம்பம் விழும். அந்த ஷாட்டுக்கு மட்டும் கழற்றிவிட்டு ஒருவர் குடை பிடிக்கட்டும்.

---

மேட்டுப்பாளையம்_லேத்

தம்பி, அளவெடுக்க மூன்று லென்ஸையும் நேரில் கொண்டு வாருங்கள், முன்னும் பின்னும் மூடி போட்டு. ஐரிஸ் கிளிக்கை எடுக்கும்போது வரும் சின்ன ஸ்பிரிங்கையும் திருகையும் லென்ஸ் பெயர் எழுதிய கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறேன், பின்னால் எஃப்எம்2இல் பயன்படுத்த ஆசைப்பட்டால் திரும்ப மாட்டலாம். வீட்டில் நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம். ஜப்பான் லென்ஸில் இருப்பது ஜேஐஎஸ் திருகு, சாதா பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் போட்டால் தலை வழுக்கிவிடும். 85க்கு அடாப்டர் இன்னும் வாங்கவில்லை என்றால் சொல்லுங்கள், ஷிம் வைக்க வசதியாகத் திருகால் பிரியும் மாடல் எது என்று காட்டுகிறேன்.